ரசிகர்களின் பெயரால்: கன்ட்ரி இசையின் ஊர்களில் சில நாள்கள்

பிரிஸ்டல், வெள்ளிக்கிழமை

பிரிஸ்டல் நகரின் முதன்மைத் தெருவான ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் நடுவே பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு வடக்கே வர்ஜீனியா மாநிலம், தெற்கே டென்னசி. 1927 ஜூலை இறுதியில் ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இத்தெருவின் டென்னசிப் பக்கத்தில் ஒரு தொப்பி நிறுவனத்தின் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுவி, சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து வந்த பாடகர்களைப் பதிவு செய்தார். இரண்டு வாரத்துக்குள் 19 குழுக்கள் 76 பாடல்களைப் பாடி முடித்தன. கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் உலகுக்குக் கிடைத்தது அந்த நாள்களில்தான். இதனைக் கருதியே 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவ்வூரைக் கன்ட்ரி இசையின், அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் உருவான பாட்டிசையின், பிறப்பிடம் என்று அறிவித்தது. 2014இல் இங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

அந்த அருங்காட்சியகத்தில் நான் தேடிச் சென்றது எல் வாட்சன் என்ற பெயரை. கறுப்பினத்தைச் சேர்ந்த மவுத்தார்கன் கலைஞரான இவர் அந்த 19 குழுக்களுள் ஒருவராகப் பதிவாகியிருக்கிறார். அவர் வாசித்தபோது சார்லஸ் ஜான்சன் என்னும் வெள்ளையர் கிடார் மீட்டினார். ஜான்சன் சகோதரர்கள் பாடியபோது வாட்சன் எலும்புத் துண்டுகளைத் தட்டித் தாளமிட்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஓரிடத்தில் அமர்ந்து உண்பதே அரிதாக இருந்த காலத்தில், ஒரே ஒலிவாங்கியின் முன்னால் அவர்கள் சேர்ந்து நின்றதை இங்கு எவரும் புதுமையாகக் கருதியதாகத் தெரியவில்லை. மலைநாட்டு நடனக் கூட்டங்களில் இது வழக்கமாகவே இருந்தது. ஃபிடில் என்னும் வயலின் ஐரோப்பாவிலிருந்தும், பாஞ்சோ என்னும் நரம்புக்கருவியின் மூதாதையான, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய கருவி மேற்கு ஆப்பிரிக்க அடிமைகளின் கைவழியாகவும் வந்து சேர்ந்த இசை இது.

பிரிவினை தொடங்கியது இசைத்தட்டு நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலில். 1920இல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு பெருவாரியாக விற்றபோது, கறுப்பினத்தார் வாங்குவதற்கென்று 'ரேஸ்' (இனம்) தட்டுகள் என ஒரு வரிசையை நிறுவனங்கள் உருவாக்கின. 1923இல் அட்லான்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளையின ஃபிடில் கலைஞரைப் பதிவு செய்தபின், வெள்ளைக் கிராமத்தாருக்கென்று 'ஹில்பில்லி' வரிசை வந்தது. இரண்டிலும் முன்னின்றவர்களுள் ஒருவர் இதே ரால்ஃப் பியர். ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்துவந்த கறுப்பினக் கலைஞர்களிடம் கறுப்பினத்தாரின் துயர்ப்பாடல் வகையான ப்ளூஸ் மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். மற்றவை பதிவாகாமலே போயின. வெள்ளையர் வெள்ளையரின் தட்டைத்தான் வாங்குவார், கறுப்பர் கறுப்பரின் தட்டைத்தான் வாங்குவார் என்று வாங்குபவரைக் கேளாமலே முடிவு செய்தவர்கள் விற்பவர்கள். இந்தப் பயணம் முழுவதும் நான் பின்தொடர விரும்புவது இந்த ஒரு முடிவைத்தான்.

ஹில்டன்ஸ், சனிக்கிழமை

காலையில் கிங்ஸ்போர்ட் வழியாக வந்தேன். லெஸ்லி ரிடில் வாழ்ந்த ஊர் அது. சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த அந்தக் கறுப்பின இளைஞர், ஓய்வில் இருந்த காலத்தில் கிடாரைக் கையிலெடுத்து அதில் தனித்தேர்ச்சி பெற்றார். 1928 வாக்கில் கார்ட்டர் குடும்பத்தின் தலைவரான ஏ. பி. கார்ட்டர் அவரைச் சந்தித்தார். அதன்பின் பல ஆண்டுகள் இருவரும் ஊர் ஊராகச் சென்று பழம்பாடல்களைத் திரட்டினார்கள். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டு ரிடிலின் நினைவில் தங்கும். வீடு திரும்பியதும் ரிடில் அதை வாசித்துக் காட்ட, கார்ட்டர் குடும்பம் அதைப் பாடலாக்கிக் கொள்ளும். மேபெல் கார்ட்டரின் கிடார் வாசிப்பைக் கன்ட்ரி இசையின் அடித்தளம் என்று எல்லாரும் போற்றுகிறார்கள். அவர் ரிடிலிடமிருந்து கற்றுக்கொண்டவை பல. ஆனால் கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டு ஒன்றிலும் ரிடில் வாசிக்கவில்லை, எந்தத் தட்டிலும் அவர் பெயர் இல்லை.

கார்ட்டர் குடும்பத்தின் பள்ளத்தாக்கில், ஏ. பி. கார்ட்டர் நடத்திய கடைக்கு அருகில், 1974 முதல் சனிக்கிழமை தோறும் இசை நிகழ்ச்சி நடக்கிறது. மின்கருவிகளுக்கும் மதுவுக்கும் இடமில்லை. குழந்தைகளும் முதியவர்களும் மரத்தரையில் காலணி ஒலிக்க ஆடுகிறார்கள். என் கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாரும் வெள்ளையர். அயலானாகிய எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, சோளரொட்டியும் தந்து உபசரித்தவர்களும் அவர்களே. பக்கத்தில் இருந்த முதியவரிடம் தயக்கத்துடன் ரிடிலைப் பற்றிக் கேட்டேன். "லெஸ்லியா? இந்த மேடையில் பாடுகிற பாதிப் பேருக்கு விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே" என்று சொல்லி, எந்தெந்தப் பாடல் அவர்வழி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கூறத் தொடங்கிவிட்டார். எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. தட்டில் அச்சிடப்படாத பெயர் கேட்பவரின் நினைவில் தங்கியிருக்கிறது.

நெடுஞ்சாலை, ஞாயிற்றுக்கிழமை

கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்விலுக்கு ஐந்து மணிநேரப் பயணம். வழியில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். வழி நெடுகக் கன்ட்ரி வானொலிகளையே கேட்டுவந்தேன். ஷபூசியின் ஒரு பாடலைத் தவிர வேறு கறுப்பினக் குரல் எதுவும் என் காதில் விழவில்லை.

நாஷ்வில், திங்கட்கிழமை

இந்நகரில் மருத்துவமனையொன்றில் பணிபுரியும் என் அக்காள் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். இன்று அவனுக்கு விடுப்பு. இருவருமாக ரைமன் அரங்கத்துக்கு நடந்து சென்றோம்.

1892இல் கிறித்தவ வழிபாட்டுக் கூடமாகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் அது. இருக்கைகள் இன்றும் தேவாலயத்து நீள்பலகைகள்தாம். 1897இல் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் முன்னாள் வீரர்கள் மாநாடு கூடியபோது மேல்மாடம் கட்டப்பட்டது. நெடுங்காலம் அந்தப் படையின் பெயரே அதன் பெயர். அதே அரங்கில்தான் விடுதலை பெற்ற அடிமைகளின் பாடல்களை உலகுக்குக் கொண்டுசென்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து ஜூபிலி பாடகர்களும் பாடினார்கள். 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஆப்ரி' (சுருக்கமாக ஆப்ரி) என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி இங்கிருந்து ஒலிபரப்பாயிற்று.

இந்த அரங்கமும், கன்ட்ரி இசைப் புகழ்மன்ற அருங்காட்சியகமும் நிற்கும் தெரு முன்பு ஐந்தாம் அவென்யூ. 1960இல் கறுப்பின மாணவர்கள் இத்தெருவின் கடைகளில் வெள்ளையருக்கான உணவு மேசைகளில் அமர்ந்து, அடியும் சிறையும் பெற்று, அந்த மேசைகளைத் திறக்க வைத்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜான் லூயிஸின் பெயரையே இப்போது தெரு தாங்கியுள்ளது.

மாணவர்கள் அமர்ந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1969 ஆகஸ்டில், லிண்டா மார்ட்டெல் ரைமன் மேடையேறினார். ஆப்ரியில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவரே. அவையோர் அவரை உவந்து வரவேற்றார்கள். ஆனால் வெளியூர்களில் பாடச் சென்றபோது கூட்டத்திலிருந்து சிலர் இனவசையைக் கூவினார்கள். பாட்டின் நடுவே அதைக் கேட்டுக்கொண்டே பாடி முடிக்க வேண்டியிருந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் வேதனையுடன் நினைவுகூர்ந்தார். கேட்பவர் எல்லாரும் நல்லவர், தடுத்தவர் மட்டுமே தீயவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வசை உண்மை, அதன் வலியும் உண்மை. ஆனால் அவரது பாடல் கன்ட்ரி தரவரிசையில் 22ஆம் இடம் வரை ஏறியதும் உண்மை. அந்த இடத்துக்கு அதை ஏற்றியவர்களும் இந்த இசையின் ரசிகர்களே. அவர் பாடிய நிறுவனத்தின் பெயரோ 'பிளான்டேஷன்', அடிமைகள் உழைத்த தோட்டத்தின் பெயர். அதை அவர் எதிர்த்தும் மாற்றவில்லை. 1970இல் வந்த ஒரே இசைத்தொகுப்புக்குப் பின் நாஷ்விலில் அவருக்கு வழி இல்லாமற்போயிற்று. தென் கரோலினாவுக்குத் திரும்பிப் பள்ளிப் பேருந்து ஓட்டினார். கூவிய சிலரின் குரலை ரசிகர் அனைவரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தொழிலுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

நாஷ்வில், செவ்வாய்க்கிழமை

காலையில் எட்ஜ்ஹில் பகுதிக்குச் சென்றேன். ஆப்ரியின் கறுப்பின மவுத்தார்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் வாழ்ந்த வட்டாரம் இது. அவரை நினைவுகூரும் வரலாற்றுப் பலகை இங்கே நிற்கிறது. அருகில் பன்னிரண்டாம் அவென்யூவில் அவரது ஷூ பாலிஷ் கடை இருந்தது.

1899இல் பிறந்து, மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் படுக்கையில் கிடந்தபோது மவுத்தார்கனைக் கைக்கொண்டவர் பெய்லி. வளர்ந்தபின்னும் ஐந்தடிக்கும் குறைவான உயரமே. ஓடும் ரயில், குரைக்கும் நாய், நரி வேட்டை எல்லாவற்றையும் அந்தச் சிறு கருவியில் கொண்டுவந்தார். 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, தேசிய ஒலிபரப்பில் மேல்நாட்டுச் செவ்வியல் இசை முடிந்ததும் டபிள்யூஎஸ்எம் வானொலியின் நாட்டுப்புற நிகழ்ச்சி தொடங்கியது. நிகழ்ச்சித் தலைவர் ஜார்ஜ் ஹே, இதுவரை கேட்டது கிராண்ட் ஆப்ரா, இனிக் கேட்கப்போவது கிராண்ட் ஓல் ஆப்ரி என்று வேடிக்கையாக அறிவித்தார். உலகின் மிகப் புகழ்பெற்ற கன்ட்ரி மேடைக்கு அன்று வாய்த்த பெயரே இன்றுவரை நிலைத்துள்ளது. அந்தப் பெயர் பிறந்த தறுவாயில் வாசித்தவர் பெய்லி. வாசித்தது ரயிலின் ஓசையில் அமைந்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'. மறு ஆண்டான 1928இன் 52 வாரங்களில் 49 வாரங்கள் அவர் ஒலிபரப்பில் தோன்றினார். வேறெந்தக் கலைஞரும் அதை நெருங்கவில்லை.

வானொலியில் அவரைக் கேட்டவர் பலருக்கு அவர் கறுப்பினத்தவர் என்பது தெரியாது. ஆப்ரி குழுவினர் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தியபோது நேரில் கண்டு தெரிந்துகொண்டார்கள், தெரிந்தபின்னும் வந்தார்கள். ராய் ஏகஃப், பில் மன்றோ போன்று பின்னாளில் பெரும்புகழ் பெற்றோர், தாங்கள் அறிமுகமாகாத காலத்தில் கூட்டம் சேர்ப்பதற்காகப் பெய்லியை உடன் அழைத்துச் சென்றார்கள். கூட்டத்தை ஈர்த்த அவருக்கோ அதே ஊரின் விடுதியில் அறை கிடையாது, உணவகத்தில் இடம் கிடையாது. முதுபெரும் பாஞ்சோ கலைஞர் அங்கிள் டேவ் மேக்கன், பெய்லி என் பணியாள் என்று பொய் சொல்லித் தன் அறையில் தங்க வைத்ததுண்டு. அன்பால் சொன்ன பொய்தான். ஆனால் நாட்டின் பெரிய கலைஞர் ஒருவர் படுத்துறங்க இப்படியொரு பொய் வேண்டியிருந்தது என்பதைக் கடந்து என்னால் எளிதில் போக முடியவில்லை.

1941இல் அவரை நீக்கினார்கள். அவ்வாண்டு வானொலி நிலையங்களுக்கும் பாடல் உரிமைச் சங்கமான ஆஸ்காப்புக்கும் கட்டணத் தகராறு மூண்டு, அச்சங்கத்தின் பாடல்களை ஒலிபரப்பக்கூடாது என்று நிலையங்கள் முடிவெடுத்தன. மக்கள் விரும்பிக் கேட்ட பெய்லியின் புகழ்பெற்ற மெட்டுகள் அதில் அடங்கின. பதினைந்து ஆண்டுகளாக அதே மெட்டுகளை வாசிக்கச் சொன்னவர்கள், அவர் புதியவற்றைக் கற்க முயலவில்லை என்று குற்றம் சுமத்தினார்கள். 1945இல் எழுதிய நூலில் ஹே அவரைக் குழுவின் 'மாஸ்காட்' என்று குறித்தார். அதாவது நற்சகுனத்துக்காக வைத்துக்கொள்ளும் பொம்மை. பெய்லி ஷூ பாலிஷ் கடையைத் தொடர்ந்து நடத்தி வாழ்ந்தார். 1982இல் மறைந்தார். புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல். ரசிகர்கள் அவரை விலக்கவில்லை. அவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை.

நண்பகலில் கிரீன்வுட் இடுகாட்டில் அவர் கல்லறைக்குச் சென்றேன். மாலையில் 1974 முதல் ஆப்ரி நடைபெறும் புதிய அரங்கில் நிகழ்ச்சி பார்த்தேன். ரைமனின் பழைய மேடையிலிருந்து வெட்டி எடுத்த மரத்துண்டை வட்டமாக இந்த மேடையில் பதித்திருக்கிறார்கள். அதில் நின்று பாடுவதைக் கலைஞர்கள் பெரும்பேறாகக் கருதுகிறார்கள். நிகழ்ச்சி அருமையாக இருந்தது. இளம் கறுப்பினப் பாடகி ஒருவர் பாடி முடித்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்த பண்ணைக் குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

நாஷ்வில், புதன்கிழமை

மியூசிக் ரோ என்னும் பகுதியில் உள்ள, ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமான ஸ்டூடியோ பி இப்போது பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. சார்லி ப்ரைடின் இசைத்தட்டு வாழ்வு இந்த நிறுவனத்தில்தான் மலர்ந்தது.

மிசிசிப்பியின் பருத்தி வயலில் பிறந்த ப்ரைடு, கறுப்பினத்தார் மட்டும் ஆடிய நீக்ரோ லீக்கில் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடினார். பின்னர் மான்டானா மாநிலத்தில் உலோக உருக்காலையில் வேலை பார்த்துக்கொண்டே இரவுகளில் பாடினார். 1965இல் இசைத் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அவரை ஆர்சிஏ நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்தார். 1966இல் முதல் தட்டு வந்தபோது, வழக்கமாக வானொலி நிலையங்களுக்கு அனுப்பும் பாடகரின் படத்தை அனுப்பாமல் விட்டார்கள். 'கன்ட்ரி சார்லி ப்ரைடு' என்று மட்டும் தட்டில் இருந்தது. குரல் நன்றாயிருக்கிறது என்று நிலையங்கள் ஒலிபரப்பின, மக்களுக்குப் பிடித்துப்போயிற்று.

1966இன் இறுதியில் டெட்ராய்ட்டின் ஒலிம்பியா அரங்கில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் முன்னால் அவர் தோன்றினார். பெயரை அறிவித்ததும் எழுந்த கரவொலி, ஆள் மேடைக்கு வந்ததும் சட்டென்று அடங்கியது. ப்ரைடு சற்றும் கலங்காமல், இந்த நிரந்தர வெயில்நிறத்தோடு கன்ட்ரி மேடைக்கு வந்திருப்பது சற்று விந்தைதான் என்ற பொருள்படச் சொன்னார். சிரிப்பு எழுந்தது; கரவொலி மீண்டது; அவர் பாடினார். 1969 தொடங்கி 1983 வரை 29 பாடல்கள் தரவரிசையில் முதலிடம் பெற்றன. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதும் அவருக்கே. எல்லாரும் அஞ்சிய எதிர்ப்பு அவையிலிருந்து வரவே இல்லை என்று அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனினும் அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. கறுப்பினத்தவர் ஒருவரின் தனிப்பாடல் மீண்டும் முதலிடம் அடைந்தது 2008இல், டேரியஸ் ரக்கர் பாடியபோது. பெய்லி நீக்கப்பட்டதற்கும் ப்ரைடு ரைமனில் பாடிய 1967க்கும் இடையே 26 ஆண்டுகள்; ப்ரைடின் கடைசி முதலிடத்துக்கும் ரக்கருக்கும் இடையே 25 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்று யாரோ அளந்து விட்டதுபோல் இருக்கிறது. ப்ரைடின் வெற்றியைக் காட்டியே, எங்களிடம் பாகுபாடு இல்லை என்று தொழில்துறை நெடுங்காலம் பேசிவந்தது. அவரை நான் மிக நேசிக்கிறேன். அவருடைய வெற்றி மற்றவரைத் தடுக்கும் காரணமாக்கப்பட்டதை எண்ணிச் சினம் கொள்கிறேன்.

நாஷ்வில், வியாழக்கிழமை

ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கான தேசிய அருங்காட்சியகம் 2021இல் திறக்கப்பட்டது. ரைமனிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இளைஞர் கூட்டம் மிகுதி. அண்மை ஆண்டுகளைப் பற்றியே எங்கள் பேச்சு சென்றது.

2019 மார்ச்சில் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாடலைப் பில்போர்டு இதழ் கன்ட்ரி தரவரிசையிலிருந்து நீக்கியது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதவில்லை என்பது காரணம். கேட்டவர்களோ அதைப் பொதுத் தரவரிசையில் 19 வாரம் முதலிடத்தில் வைத்தார்கள். 2023இல் டிரேசி சாப்மனின் 1988ஆம் ஆண்டுப் பாடலை லூக் கோம்ப்ஸ் பாடிப் பெருவெற்றி கண்டபோது, கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருதை வென்ற முதல் கறுப்பினப் பெண் சாப்மன் ஆனார். சொல்லும் மெட்டும் அவருடையவையே. கன்ட்ரி வானொலிக்குள் நுழைவதற்கு வெள்ளைக் குரல் தேவைப்பட்டிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 பிப்ரவரியில் வெள்ளையினக் கன்ட்ரி பாடகர் மோர்கன் வாலன் இனவசைச் சொல் பேசிய காணொளி வெளியானதும் வானொலிகள் அவர் பாடல்களை நிறுத்தின. அப்போது ரசிகர்கள் போட்டியிட்டு வாங்கி, ஏற்கெனவே முதலிடத்தில் இருந்த அவர் தொகுப்பை அங்கேயே, தொடர்ந்து மொத்தம் 10 வாரம், நிறுத்தினார்கள். ரசிகர்களை நம்பும் என்னைப் போன்றவர்கள் இதையும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

2024இல் பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' வந்தது. அதற்கு முன்னோடியாக வந்த பாடலை ஒலிபரப்புமாறு ஒரு நேயர் ஓக்லஹோமாவின் சிறு வானொலி நிலையத்தைக் கேட்டபோது, இது கன்ட்ரி நிலையம், பியான்சேயை நாங்கள் ஒலிபரப்புவதில்லை என்று விடை வந்தது. நேயர்கள் திரண்டு கேட்டதும் அதே நிலையம் அப்பாடலைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் ரியானன் கிடன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் பாஞ்சோ மீட்டுகிறார். தொகுப்பில் லிண்டா மார்ட்டெலின் குரல் ஒலிக்கிறது. கன்ட்ரி இசைச் சங்கம் அவ்வாண்டு ஒரு விருதுக்கும் அத்தொகுப்பைப் பரிந்துரைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமியின் சிறந்த கன்ட்ரி தொகுப்பு விருது அதற்குக் கிடைத்தது. கறுப்பினக் கலைஞர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல்முறை.

ஸ்லெட்ஜ், மிசிசிப்பி, வெள்ளிக்கிழமை

மெம்ஃபிஸிலிருந்து தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையான டெல்டா வயல்களின் நடுவே உள்ள சிற்றூர் ஸ்லெட்ஜ். மூடிய கடைகளும் ரயில் பாதையும் சில வீடுகளுமாக இருக்கிறது. மிசிசிப்பி கன்ட்ரி இசைத்தடத்தின் நினைவுப் பலகை ஒன்று ப்ரைடுக்காக நிற்கிறது. 1934இல் பிறர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்ட குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளுள் ஒருவராக அவர் இங்கே பிறந்தார். தந்தை சனிக்கிழமை இரவுகளில் ஃபில்கோ வானொலிப் பெட்டியில் ஆப்ரியை வைப்பார். பெய்லி நீக்கப்பட்டபோது ப்ரைடுக்கு ஏழு வயது. அதற்குமுன் அந்த மவுத்தார்கன் ரயில் இந்த வீட்டுக்குள்ளும் ஓடியிருக்கக்கூடும். பதினான்கு வயதில், பருத்தி எடுத்துச் சேர்த்த பணத்தில் கிடார் வாங்கினார். 2020 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருதைப் பெற்று, ஒரு மாதத்தில் கொரோனாவால் இறந்தார்.

"மாமா, 1966லயே அவரோட படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று காரை நிறுத்திவிட்டு அக்காள் மகன் கேட்டான்.

டெட்ராய்ட் மக்கள் அதற்குப் பாதி விடை சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர்கள் முகத்தைக் கண்டார்கள், ஒரு கணம் திகைத்தார்கள், பின்னர் பாட்டைக் கேட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டு அவர்கள் காதுவரை சென்று சேர்ந்ததற்குக் காரணம், நிலையங்களில் தட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் படத்தைக் காணாததுதான். படம் போயிருந்தால், எங்கள் நேயர்கள் ஏற்கமாட்டார்கள் என்று எழுதித் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்; அந்த நேயர்களுக்கு அப்படியொரு தட்டு வந்த செய்தியே தெரிந்திருக்காது.